ஏரி தாங்கிய காகிதம்

விவேக் நகரில் தியோடர் வரைந்த அல்சூர் ஏரி, மறுநாள் காலையில் காகிதத்தைவிட்டு ஒழுகி, கீழ்வீட்டு க்ளென்னின் சோபாவை நனைத்தது. க்ளென் மேலே ஏறி வந்து, "அங்கிள், உங்க பாத்ரூம் லீக் ஆகுது, ப்ளம்பரைக் கூப்பிடுங்க" என்றான். பாத்ரூம் காய்ந்து கிடந்தது. அந்த வாரம் குழாயில் தண்ணீரே வரவில்லை. படத்தில் ஏரி இருந்த இடத்தில் ஒரு பழுப்புத் திட்டுதான் மிஞ்சியிருந்தது.

ஏரி, தியோடரின் மனைவி பிரிஜெட்டுக்காக. அவள் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. மழைக்காலம் முடிவதற்குள் முழுதும் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் ஒரு தரம் ஏரியைப் பார்த்துவிட ஆசைப்பட்டாள். வீடோ மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, அவள் முட்டிகள் படிக்கட்டோடு பேச்சுவார்த்தையை நிறுத்தி வருடக்கணக்காகிறது. சரி, ஏரியை நாமே மேலே கொண்டுவருவோம் என்று தியோடர் உட்கார்ந்தார். முப்பது வருடம் தொழிற்சாலையில் இயந்திரப் படம் போட்டவர் அல்லவா, பென்சிலுக்கு வாங்கி வைத்திருந்த வழவழப்பான காகிதத்தையே நீர்வண்ணத்துக்கும் எடுத்தார். அதுதான் ஒழுகியது. அடுத்து வாங்கிய பள்ளிக்கூட டிராயிங் ஷீட் அப்பளம்போல் நெளிந்து, ஏரி ஒரு மூலையில் தேங்கி, படிக்கட்டு வழியாக இறங்கிப் போனது. இந்த முறை க்ளென் வாளியோடு வந்தான்.

பிறகுதான் தியோடர் சர்ச் தெருமுனையில் கடை வைத்திருக்கும் மௌரீனிடம் போனார். எங்கள் பேட்டையில் காகிதம் தெரிந்தவர் அந்த அம்மா ஒருவர்தான். இதைச் சொல்வதில் எனக்குப் பெருமை. தாளின் மூலையை நாக்கு நுனியில் வைப்பார். நாக்கில் ஒட்டிக்கொண்டால் தாளுக்குப் போட்ட பசை போதாது, வண்ணத்தைக் குடித்துவிடும் என்று தள்ளிவிடுவார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், சுண்டிவிட்டுக் காது கொடுப்பார். தியோடர் நடந்ததைச் சொன்னபோது மௌரீன் ஆச்சரியப்படவில்லை. "எவ்ளோ ஆழம் அங்கிள்?" என்று மட்டும் கேட்டார். பதினோரு தாள்களை ஒதுக்கிவிட்டுப் பன்னிரண்டாவதை நீட்டினார். முழுப் பருத்தி, மேலே சொரசொரப்பு, அட்டை மாதிரி கனம். "இது தாங்கும். நாலு ஓரத்தையும் பலகையில டேப் போட்டு ஒட்டிட்டு வரைங்க. ஒவ்வொரு பூச்சும் காயட்டும், அவசரப்படாதீங்க."

அவசரப்படாமல் வரைந்ததில் மழைக்காலம் முடிந்துவிட்டது. படம் சுவரேறிய அன்று பிரிஜெட்டுக்கு வெளிச்சமும் இருட்டும் ஒன்றாகியிருந்தன. தியோடர் ஏரிக்கு முன்னால் உட்கார்ந்து விசும்பினார்; எழுபது வயது மனிதர் அழுவதைப் பக்கத்து வீட்டிலிருந்து கேட்க எனக்கே பொறுக்கவில்லை. பிரிஜெட் சத்தம் வந்த பக்கம் சுவரைத் தடவிக்கொண்டே வந்தாள். விரல் சொரசொரப்பில் பட்டது, பிறகு கை மணிக்கட்டு வரை உள்ளே போனது.

"ஏங்க, தண்ணி சில்லுனு இருக்கு," என்றாள். "அய்யோ, மீன் கடிக்குதுங்க!"

நான்கு வருடமாகிறது. ஒரு சொட்டு வெளியே வரவில்லை, க்ளென் புது சோபா வாங்கிவிட்டான். தினமும் காப்பி குடித்ததும் பிரிஜெட் ஏரியில் கை அளைகிறாள், கரையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தியோடர் பக்கத்தில் நின்று சொல்கிறார். கை துடைத்துக்கொள்ள, படத்துக்குப் பக்கத்து ஆணியில் ஒரு துண்டு தொங்குகிறது.