மேர்வின் உடைத்த கண்ணாடி

கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் உள்ள ஒரு மாடி வீட்டில் சனிக்கிழமை காலை குளிர்கால உடுப்புகளை ஒழிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. துசியந்தி தடித்த ஜக்கெற்றுகளைக் கறுப்புப் பைகளில் திணித்துக்கொண்டிருந்தாள். கட்டாரின் தலைநகர் டோஹாவில் கொதிக்கிற வெயிலுக்கு அவை எதற்கு? அவளுடைய கணவன் மேர்வினுக்கு அங்கே ஒரு சர்வதேசப் பள்ளியில் இரசாயன ஆசிரியர் வேலை கிடைத்திருந்தது. வீடும் தந்து பிள்ளைகள் இருவரையும் இலவசமாகப் படிப்பிக்கவும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். வேலை விசா கைக்கு வருவதுதான் பாக்கி.

மேர்வின் கோப்பை கழுவிக்கொண்டு நின்றான். தெருமுனைப் பப்பின் வெற்றுப் போத்தல்களை அள்ள லொறி வந்தது. கண்ணாடி நொறுங்குகிற சத்தம் கேட்டதும் அவன் கை அப்படியே நின்றுவிட்டது. தண்ணீர் தன்பாட்டுக்கு ஓடியது. பதினெட்டு வருடங்களாக அவனுக்கு இப்படித்தான். வகுப்பில் யாராவது சோதனைக் குழாயைக் கீழே போட்டால்கூட அவன் முகம் வெளுத்துவிடும். மாஸ்டருக்குக் கோபம் வந்துவிட்டது என்று பிள்ளைகள் நடுங்குவார்கள். உண்மையில் நடுங்கியது மாஸ்டர்தான்.

அந்தக் கதையின் தொடக்கம், தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில் உள்ள ஒரு விளையாட்டு மைதானம். இரண்டு யாழ்ப்பாணத்துப் பள்ளிகளின் பழைய மாணவர் சங்கங்கள் அங்கே கோடையில் கிரிக்கெற் ஆடும். ஆடுவது என்னவோ லண்டனில் வளர்ந்த பெடியன்கள்தான். தாங்கள் கண்ணாலும் கண்டிராத பள்ளிக்கூடங்களின் மானத்துக்காக அவர்கள் கடைசியில் அடிபடுவார்கள். அப்பாமார் வாயால் கண்டிப்பார்கள், உள்ளுக்குள் பூரிப்பார்கள். அந்த வருடம் ஒரு ரன் அவுட்டில் சண்டை தொடங்கியது. இருபது வயது மேர்வின் ஒரு ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, எதிரணி ஏறிவந்த வான் வண்டியின் முன்கண்ணாடியை அடித்து நொறுக்கினான். இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது பின்னால் ஓடிவந்த நண்பன் பெனடிக்ற் அந்த ஸ்டம்பைப் பறித்தான். பொலிஸ் வந்து இறங்கியபோது அது பெனடிக்ற்றின் கையில் இருந்தது.

பொலிஸ் நிலையத்தில் மேர்வினின் வாய் தாராளமாகத் திறந்தது. தள்ளுமுள்ளில் நானும் நின்றேன், கண்ணாடியை உடைத்தது பெனடிக்ற் என்றான். ஒரு எச்சரிக்கையை அவன் பெயரில் பதிந்துவிட்டு அவனை வீட்டுக்கு விட்டுவிட்டார்கள். பெனடிக்ற் வாயே திறக்கவில்லை. அவன் பதினைந்து வயதில் மன்னாரிலிருந்து அகதியாக வந்தவன். பொலிஸிலோ இராணுவத்திடமோ வாய் திறந்தவர்கள் வீடு திரும்பாத ஊரில் வளர்ந்தவன். பேசாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்று அவன் நம்பினான். லண்டனில் அந்த மௌனமே அவனுக்கு எதிராக நின்றது. நீதிமன்றத்தில் ‘குற்றவாளியா’ என்று கேட்டபோது, சீக்கிரம் முடிந்தால் போதும் என்று ஆமெனத் தலையை ஆட்டிவிட்டான். குற்றம் அவன் பெயரில் பதிவானது.

இத்தனை காலமும் மேர்வின் அதை யாரிடமும் சொல்லவில்லை. துசியந்தியிடம்கூட, பெனடிக்ற் என்றொரு முரட்டுச் சிநேகிதன் கண்ணாடியை உடைத்தான் என்று கதையை மாற்றித்தான் சொல்லியிருந்தான். டோஹாப் பள்ளி ஜனவரியில் அனுப்பிய விண்ணப்பத்தில், பொலிஸ் எச்சரிக்கையாவது எப்போதாவது பெற்றதுண்டா என்று ஒரு கேள்வி இருந்தது. அவன் அதைத் தூக்கிக்கொண்டு தெற்கு லண்டனில் உள்ள டூட்டிங்குக்குப் போனான். அங்கே ஒரு பலசரக்குக் கடையின் மேல்மாடியில் ஸ்ரீதரன் விசா ஆலோசனை நடத்துகிறார். நல்ல மனிதர். கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையை முன்னால் நின்று ஒழுங்குபடுத்துபவர். பொய்யை அவர் ஒருநாளும் பொய் என்று சொல்வதில்லை, ‘அலுவல்’ என்றுதான் சொல்வார். ‘இல்லை’ என்று போடச் சொன்னார், மேர்வினும் போட்டான்.

ஆனால் விசாவுக்காக எடுத்த பொலிஸ் சான்றிதழில் ஒரு வரி வந்துவிட்டது. என்ன குற்றம் என்று அதில் இல்லை. பழைய பதிவு ஏதோ ஒன்று இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது. அது என்ன என்று எழுத்தில் விளக்கச் சொல்லிப் பள்ளி கேட்டது. மேர்வின் மறுபடியும் டூட்டிங்குக்கு ஓடினான். ஸ்ரீதரன் தேத்தண்ணியை உறிஞ்சியபடி அதற்கும் வழி சொன்னார்.

“நீர் யோசியாதையும் தம்பி. அந்தப் பெடியனிட்டை ஒரு கடிதம் வாங்கும். எல்லாம் தான் செய்தது, உம்மைப் பிழையாப் பிடிச்சவங்கள் எண்டு. அவன் ஏற்கெனவே சுமந்ததுதானே, இன்னும் கொஞ்சம் சுமந்தா என்ன?”

அது அநியாயம் என்று மேர்வினுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் உடுப்பு ஒழித்த மறுநாள், ஞாயிறு பூசை முடிந்ததும் கடிதத்தைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு, பெனடிக்ற் இப்போதும் குடியிருக்கும் மிச்சத்துக்குப் புறப்பட்டான். ட்ராம் ஒரு புல்வெளியைக் கடந்தது. அந்த மைதானமாக இருக்குமோ என்ற நினைப்பே போதுமாக இருந்தது. புல்லின் நடுவே ஸ்டம்பை ஓங்கிக்கொண்டு ஒருவன் நிற்பதுபோல் தோன்றியது. அவன் திரும்பினால் தன் முகம்தான் தெரியும் என்று மேர்வினுக்கு நிச்சயம். இறங்கவேண்டிய இடம் வரும்வரை அவன் கண்ணைத் திறக்கவில்லை.

பெனடிக்ற் இப்போது வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறான். தலை பாதி நரைத்துவிட்டது. முழங்கால் வலியால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தான், ஆனாலும் மேர்வினைக் கண்டதும் கட்டிப்பிடித்தான். அவன் மனைவி பியற்றிஸ் தேத்தண்ணியும் மீன் ரோல்ஸும் கொண்டுவந்து வைத்தாள். மேர்வின் சுற்றி வளைத்து விசயத்துக்கு வந்தான். பெனடிக்ற் ஏசுவான், அதற்கு இன்ன பதில் சொல்லவேண்டும் என்றெல்லாம் வழிநெடுகத் தயார் செய்து வந்திருந்தான். பெனடிக்ற் கடிதத்தை வாசிக்கக்கூட இல்லை.

“எங்கை சைன் வைக்கிறது, மச்சான்?”

மேர்வின் கடிதத்தின் அடியில் இருந்த கோட்டைக் காட்டி நீட்டினான். பக்கத்தில் இருந்த பியற்றிஸ் குறுக்கிட்டாள். அந்தக் கண்ணாடியால்தான் இவரின் குடியுரிமை விண்ணப்பம் அப்போது நிராகரிக்கப்பட்டது என்றாள். அந்த இடைவெளியில்தான் மன்னாரில் இவரின் அம்மாவுக்கு வருத்தம் கடுமையாகியது. பாஸ்போர்ட் இல்லாமல் போக வழியில்லை. அம்மாவின் செத்தவீட்டை இந்தச் சோபாவில் இருந்து போனில் பார்த்து அழுதார். உங்கடை ஒரு நிமிசக் கோபம் எங்கே கொண்டுவந்து விட்டது பாருங்கோ என்று அவள் கணவனைப் பார்த்துத்தான் சொன்னாள். நெடுநாளாகச் சொல்லிப் பழகிய குரல் அது. பெனடிக்ற்றும் பழகியவனாகத் தலையைக் குனிந்தான்.

“இப்பவும் கனவு வரும் மச்சான். கண்ணாடி உடையும். பாத்தா, என்ரை கை. நான்தான் உடைச்சன் எண்டு இப்ப எனக்கே நம்பிக்கை வந்திட்டுது.”

 அந்தச் சத்தம் தன்னை மட்டும்தான் துரத்துகிறது என்று மேர்வின் நினைத்திருந்தான். அதைத் தன் தண்டனையாக எடுத்துக்கொண்டு, கணக்குத் தீர்ந்தது என்று மனதைத் தேற்றியும் இருந்தான். இப்போது தெரிந்தது, அவன் பெனடிக்ற்றின் தலையில் வழக்கை மட்டும் சுமத்தவில்லை. தன் கையையே அவனுக்கு மாட்டிவிட்டிருக்கிறான். தான் செய்யாத ஒன்றுக்காக ஒரு மனிதன் கனவிலும் குற்றவாளியாக நிற்கிறான். வெட்கத்தோடு மேர்வின் கடிதத்தை நீட்டியிருந்த கையை இழுத்துக்கொண்டான்.

“பியற்றிஸ், அந்தக் கண்ணாடியை உடைச்சது நான். இவன் என்னைத் தடுக்கத்தான் ஸ்டம்பைப் பறிச்சவன். பொலிஸிலை நான் பொய் சொன்னனான்.”

பெனடிக்ற் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சீமெந்து அரித்த கைகள். அவன் முகத்தில் கோபமோ ஆறுதலோ இல்லை. தெரியாத ஊரில் வழி கேட்பவன்போல மெல்லக் கேட்டான்.

“அப்ப... அது நான் இல்லையோ, மச்சான்?”

“இல்லையடா. நீ இல்லை.”

அன்று வீட்டுக்குப் போய் மேர்வின் துசியந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கறுப்புப் பைகளைப் பார்த்தாள். பிறகு, பள்ளிக்கு என்ன எழுதப்போகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். நடந்ததை நடந்தபடி எழுதினான். ஜனவரியில் போட்ட ‘இல்லை’ பொய் என்பதையும் எழுதினான்.

டோஹாவிலிருந்து ஒரு பெண் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார். இருபது வயதில் வாங்கிய ஒரு எச்சரிக்கை தங்களுக்குப் பெரிய விசயமே இல்லை என்றார். அதைவிடப் பழைய குற்றம் உள்ளவர்களும், முதலிலேயே சொன்னதால், விசா பெற்று அங்கே படிப்பிக்கிறார்கள். ஆனால் நேரடியாகக் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்ன ஒருவரைப் பிள்ளைகள் முன்னால் நிறுத்த முடியாது. வேலை இல்லை என்று ஆகிவிட்டது. ஸ்ரீதரன் அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு மேர்வின் மறுபடியும் மிச்சத்துக்குப் போனான். பெனடிக்ற்றின் பெயரைத் துடைக்க ஒரு வழக்கறிஞரிடம் தான் வாக்குமூலம் கொடுக்கப்போவதைச் சொன்னான். அதனால் லண்டனில் இருக்கிற வேலையும் போகலாம், வழக்கும் வரலாம் என்பது அவனுக்குத் தெரியும். பெனடிக்ற் வேண்டாம் என்றான். பியற்றிஸ் கணவனைப் பேசவிடவில்லை.

“குடுக்கட்டும், விடுங்கோ. அண்ணை, அண்டைக்கே நீங்கள் ‘நான்தான்’ எண்டு சொல்லியிருந்தா கொஞ்ச நாள் வெக்கத்தோடை முடிஞ்சிருக்கும். செய்தது சின்னக் குற்றம். அதை மறைக்கச் சொன்ன பொய்தான் பெரிய குற்றம். சின்னக் குற்றத்துக்குச் செய்தவன் தண்டனை அனுபவிப்பான், பொய்க்குப் பக்கத்திலை நிக்கிறவன்தான் அனுபவிப்பான்.”

மேர்வின் தலையை ஆட்டினான். டோஹா கைவிட்டுப் போனதையும் அப்போதுதான் சொன்னான், ஏதோ தானும் கொஞ்சம் விலை கொடுத்துவிட்டதுபோல. அவள் அதற்கு இரங்கவில்லை.

“உங்களுக்கு ஒரு விசாதானே அண்ணை போனது. இன்னொண்டு எடுக்கலாம். என்ரை மாமி, மகனை ஒருக்காப் பாக்கவேணும் எண்டு கேட்டுக் கேட்டே செத்தவா. அவவிட்டைப் போக எங்கை விசா எடுக்கிறது?”