அம்மா உடைக்காத குழாய்

விடுமுறை நாள் வந்தால் போதும், அந்த வீட்டில் ஏதாவது ஒன்று கெட்டுப்போகும். தானாக இல்லை, அம்மாதான் கெடுத்து வைப்பாள். குழாய் ரிப்பேர் பார்க்கிறவள், கை சும்மா இருக்குமா? ஒரு வாரம் ஃபியூஸைப் பிடுங்கி ஒளித்து வைப்பாள். இன்னொரு வாரம் சிங்குக்கு அடியில் நட்டைத் தளர்த்திவிடுவாள். பத்தாவது படிக்கிற மகள் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால்தான் ஃபோன் கைக்கு வரும்.

"பெத்த தாயா நீ? வில்லி," என்று முனகிக்கொண்டுதான் செய்வாள் மகள். சோபாவை விட்டு எழுந்திருக்கவே அவளுக்கு ஒரு யுகம் ஆகும். வீட்டில் அவளுக்கு மகாராணி என்றுதான் பேர்.

போன வாரம் ஏணியிலிருந்து விழுந்ததில் அம்மாவின் வலது கையில் மாவுக்கட்டு. இந்த வாரம் எதையும் கெடுக்கும் எண்ணமே அவளுக்கு இல்லை. காலையில் வாஷிங் மெஷினைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். படாரென்று சிங்குக்கு அடியில் பைப் பிளந்து தண்ணீர் பீய்ச்சியடித்தது. மெஷின் வயர் செருகியிருந்த, தரையில் கிடந்த பிளக் பாக்ஸை நோக்கி ஓடியது. அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. இடது கையாலாவது வால்வை மூடிவிடலாம் என்று பாய்ந்தாள்.

"அம்மா, அங்கயே நில்லு. தண்ணில கால வெக்காத."

வாசலோரம் மகாராணி. வாயில் பிஸ்கட், கை மெயின் சுவிட்சில். டப்பென்று வீடே அடங்கியது. பிறகு பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து போனாள். இறுகிக் கிடந்த வால்வில் துண்டைச் சுற்றி, பல்லைக் கடித்துத் திருகினாள். பீய்ச்சல் நூலாகி, சொட்டாகி, நின்றது.

"இந்த வாரம் ரொம்ப ஓவர்மா. மெஷின வேற ஓட விட்டு, பதறி ஓடுற மாதிரி நடிப்பு வேற. எங்க என் ஃபோன்?"

அம்மா மெயின் சுவிட்சைத் திரும்பிப் பார்த்தாள். இத்தனை வருஷம் இதே பிழைப்பாக இருக்கிற தனக்கே மறந்துபோன மெயின் சுவிட்ச், பிஸ்கட் மென்றுகொண்டிருந்த இதற்கு எப்படி முதலில் ஞாபகம் வந்தது?

மகள் குனிந்து பைப்பைப் பார்த்தாள். "ஆமா, ஒத்தக் கையால இத எப்படிம்மா ஒடச்ச?"

 நிமிர்ந்து அம்மாவின் மாவுக்கட்டைப் பார்த்தாள். தண்ணீரில் மூழ்கிக் கிடந்த பிளக் பாக்ஸைப் பார்த்தாள். மெல்லுவது நின்றது.

"அப்ப இது நீ வெச்சது இல்லியா?"

"இல்லடி தங்கம்."

 மகாராணி அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். வால்வைத் திருகிச் சிவந்திருந்த அந்தக் கையை எடுத்து மடியில் வைத்து, பிறந்த அன்றைக்குப் பார்த்த மாதிரியே, ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.