மேற்பார்வையாளரின் இடத்தில் படுத்திருந்தவர்

கூட்டத்துக்கு வந்திருந்தவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் கிராமச் சங்கத்தில் எந்தக் குறிப்பும் அப்படித்தான் தொடங்கும். இரண்டு நாள் கழித்து "நான் அங்கே இல்லவே இல்லை" என்று சொல்கிறவர்கள் ஜேஜு தீவில் அதிகம்.

தலைவர் ஜ்வா தே-போங், ஊர்க்கூடத்து மசாஜ் நாற்காலியில். அவர் தேர்தலில் நின்றதே அந்த நாற்காலிக்காகத்தான் என்று ஒரு பேச்சு உண்டு. நான் அதை வழிமொழியவில்லை, மறுக்கவும் இல்லை. அவர் தம்பி மகன் கி-வான், மின்விசிறிக்கு நேர் எதிரில், குளவி கொட்டி ஒரு கண் மூடிப்போன நிலையில். குன்றின் தெற்கு அடிவாரத்தில் பன்றிக்கறி நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் யாங் மால்-சுன் அக்கா, வாசலில், ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. கடை அடுப்பில் எலும்பு கொதித்துக்கொண்டிருந்தது. செருப்பு அலமாரிக்குப் பக்கத்துப் படியில், தண்ணீர் பிடிக்க வந்த நடைப்பயணி ஒருவர். நரைத்த தலை, இரண்டு முழங்காலிலும் பட்டை, கையில் இரண்டு ஊன்றுகோல். ஊர் சியோல் என்றார். பெயரை நான் கேட்கவில்லை. எழுத்தர் ஹ்யோன் சோக்-யுன் ஆகிய நான், தாழ்மேசை முன்னால், கடிதத்தாளுடன்.

பொருள்: தீவின் நடைப்பயணப் பாதை அலுவலகத்திலிருந்து வந்த விசாரணை. அவர்கள் புது வரைபடம் அச்சடிக்கிறார்கள். கடலோரமாகவே வரும் பாதை எங்கள் ஊரில் மட்டும் உள்ளே திரும்பி, எரிமலைக் குன்றில் ஏறி, அதன் வாயைச் சுற்றிவிட்டு, மால்-சுன் அக்கா கடை வழியாக மறுபடி கடலுக்கு இறங்குகிறது. இந்த வளைவுக்கு ஒரே காரணம் தெற்குச் சரிவில் இருக்கும் சமாதி. "அரசரின் குதிரை மேற்பார்வையாளர் ஜ்வா அவர்களின் சமாதி" என்று அங்கே பலகை. அது சரியான தகவல்தானா, திருத்தம் உண்டா, பார்க்கத்தக்க சிறப்பு எதுவும் இல்லையென்றால் பாதையை நேராக்கிவிடலாமா என்று கேட்டிருந்தார்கள்.

பாதை நேரானால் அக்கா கடையை மூட வேண்டியதுதான். அங்கே சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் குன்று ஏறி இறங்கி, தொடை நடுங்கி, கொதிக்கிற எதைக் கொடுத்தாலும் குடிக்கிற நிலையில் வருகிறவர்கள். ஊர்க்காரர்கள் போவதில்லை. எல்லார் வீட்டிலும் அதைவிட நன்றாகவே செய்கிறார்கள். இது அக்காவுக்கும் தெரியும்.

சென்ற வாரம் வரைக்கும் ஒரே வரியில் பதில் எழுதியிருப்பேன். ஆனால் சென்ற வாரம் புல் வெட்டும் நாள் வந்துவிட்டது. சந்திரக் கணக்கில் எட்டாம் மாதப் பிறப்பன்று முன்னோர் சமாதிகளில் புல் வெட்டாதவன் எங்கள் ஊரில் மனிதக் கணக்கிலேயே வரமாட்டான். சொந்தக் கல்யாணத்துக்கு வராதவன்கூட இதற்கு விமானம் ஏறி வருவான். ஜ்வா குடும்பம் வழக்கம்போல் தெற்குச் சரிவுக்குப் போனது. வெட்டியது. பலகைக்கல் மேல் பன்றிக்கறியும் கேக்கும் அரிசி மதுவும் வைத்து விழுந்து கும்பிட்டது. கி-வான் கடைசி ஓரத்தை வெட்டும்போது இயந்திரம் அந்தக் கல்லில் மோதிவிட்டது. கல் புரண்டது. அடியில் குளவிக்கூடு. அடிப்பக்கத்தில் எழுத்து. இத்தனை வருஷமும் அவர்கள் கறி வைத்துப் படைத்தது கவிழ்ந்து கிடந்த தலைக்கல்லின் முதுகில். அதன் முகத்தில் "யாங் தல்-ஹோ" என்று செதுக்கியிருந்தது.

எழுத்தை மற்றவர்கள் படித்துக்கொண்டிருந்தபோது, குளவி துரத்த கி-வான் குன்றின் விளிம்பைச் சுற்றி ஓடி, வடக்குச் சரிவின் முள்புதருக்குள் பாய்ந்து, ஒரு சுவரில் தடுக்கி விழுந்தார். சதுரச் சுவர், இரட்டை வரிசைக் கருங்கல். உள்ளே மரம் முளைத்த ஒரு மேடு. தலைக்கல்லில் "அரசரின் குதிரை மேற்பார்வையாளர் ஜ்வா" என்று எழுத்து.

தலைவரின் தகப்பனார் கீழே ரோட்டில் நின்று, சிகரெட்டை நீட்டி, "அதோ, அதுதான்" என்று காட்டினாராம். குன்றுக்கு எந்தப் பக்கத்து ரோட்டில் நின்று காட்டினார் என்பது யாருக்கும் நினைவில்லை. ராஜாவின் அதிகாரிக்கு ஏன் ஏழைகளுக்குக் கட்டுவதுபோல் ஒற்றை வரிசை வட்டச் சுவர் என்று நடைப்பயணிகள் கேட்டால் தலைவர், "எளிமையான மனுஷர்" என்பார்.

யாங் தல்-ஹோ யாரென்று எங்கள் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. மால்-சுன் அக்காவின் கொள்ளுத்தாத்தா. குதிரைத் திருடர். ராஜாவின் மந்தையில் நெற்றி வெள்ளைக் குதிரைகளை ஓட்டிப்போய், வெள்ளையில் கரி பூசி, மந்தையில் கணக்குக் குறைகிறதே என்று தவித்துக்கொண்டிருந்த அதே மேற்பார்வையாளர் ஜ்வாவிடம் விற்றவர். முதல் மழையில் விஷயம் வெளுத்ததாகச் சொல்வார்கள். நாற்பத்தெட்டில் ராணுவம் ஊரை எரித்தபோது அந்த வீட்டில் வளர்ந்த ஆண்கள் எல்லாரும் மலைப்பக்கம் போய்த் திரும்பவில்லை. அவர் எங்கே இருக்கிறார் என்று காட்ட அதன்பின் ஆளில்லை.

இனி கூட்டம்.

"எழுதுப்பா சோக்-யுன்," என்றார் தலைவர். நாற்காலி ஓடிக்கொண்டிருந்ததால் குரல் அதிர்ந்தது. "உண்மையான சமாதி வடக்குச் சரிவுல கிடைச்சிருக்கு. பா...தையை அந்தப் பக்கமாத் திருப்பச் சொல்லு."

"வடக்குப் பக்கம் திருப்பினா என் கடைக்கு யாரு வருவா, சம்சுன்?" என்றார் அக்கா. எங்கள் தீவில் மூத்தவர் ஆணோ பெண்ணோ, சம்சுன்தான். "எலும்புச் சாறை நானே குடிக்கவா?"

"அதுக்கு நான் என்னம்மா பண்றது? எங்க குடும்ப கௌ...ரவம்."

"கௌரவமா? திருப்பட்டும். வருவாங்க, ஃபோட்டோ எடுப்பாங்க. முள்ளு, கொடி, தலைமேல ஒரு மரம், அதுக்குள்ள ராஜாவோட அதிகாரி. வாரிசு இருக்காங்களா செத்துட்டாங்களான்னு கேட்பாங்க. இருக்காங்க, ஊர்க்கூடத்துல முதுகு புடிச்சுவிட்டுக்கிறாங்கன்னு நான் சொல்றேன்."

தலைவர் நாற்காலியை நிறுத்தினார். புல் மண்டிய சமாதி என்றால் எங்களூரில் வம்சமே அற்றுப்போனதென்று அர்த்தம். இதைவிடத் திருடன் என்ற பெயர் தேவலை.

"சரி," என்றார், அதிராத குரலில். "ஒன்னும் எழுத வேண்டாம். இருக்கிற தகவல் சரிதான்னு எழுதிடு. பாதை இப்படியே கிடக்கட்டும், உன் கடையும் கிடக்கட்டும். போதுமா?"

அக்காவுக்கு வேண்டியது அத்தனையும் அதில் இருந்தது. நான் எழுதப் பேனாவைத் தாளில் வைத்துவிட்டேன். அவர் கால் மாற்றி நின்றார், வெளியே இருந்த கால் உள்ளே வந்தது.

"காலைல மேல போயிருந்தேன்," என்றார். "ஒரு கிண்ணம் ஊத்திட்டு, தாத்தா, கண்டுபிடிச்சுட்டோம்னு சொன்னேன். தலைமேல பலகை 'ஜ்வா'ங்குது. யாரைக் கூப்பிட்டேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு. அது வேண்டாம் சம்சுன். பேரை மாத்தி எழுதணும்."

"எழுதினா பாதை போயிடும்மா."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு?"

"பெரியப்பா," என்று கி-வான் குறுக்கே வந்தார், ஒற்றைக் கண்ணால் பார்த்தபடி. "சரின்னு எழுதினா அடுத்த வருஷம் நாம எதை வெட்டறது? பாதையில போறவங்க பார்க்கத் தெற்குப் பக்கமும் கும்பிட்டு, ஒளிஞ்சு போய் வடக்குப் பக்கமும் கும்பிடணுமா?"

"திருடனுக்கு இன்னொரு தடவை நான் குனிய மாட்டேன்!"

"இதுவரைக்கும் குனிஞ்சதுக்கு அவர் ஒன்னும் கேட்கலியே," என்றார் அக்கா. "நல்லாத்தான் தின்னுருக்காரு. மேடு எப்படிக் கொழுத்திருக்கு பாருங்க."

இந்த இடத்தில் நான் ஒரு வாசகத்தை முன்வைத்தேன்: "குதிரைகளோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்த பெரியவர் யாங் அவர்களின் சமாதி." பொய்யில்லை, மரியாதையும் கெடாது. தலைவர் தலையாட்டினார். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, படியில் இருந்தவர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, மேல சமாதியைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே," என்றார் நடைப்பயணி. "அதிகாரின்னு போட்டிருந்துச்சு. இந்தத் தீவுல தடுக்கி விழுந்தா அதிகாரி சமாதிதான். நிக்கல."

"அது அதிகாரி இல்ல. குதிரைத் திருடன்."

அவர் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார். "திருடனா?"

"ராஜாவோட குதிரைக்குக் கரி பூசி, ராஜாவோட அதிகாரிக்கே வித்தவன். என் கொள்ளுத்தாத்தா."

"அடேங்கப்பா! வாங்கின ஏமாளி யாரு?"

எல்லாரும் மசாஜ் நாற்காலியைப் பார்த்துவிட்டோம். நடைப்பயணி இரண்டு ஊன்றுகோலையும் ஊன்றி எழுந்து, "ஒரு ஃபோட்டோ எடுத்துட்டு வந்துடறேன். வந்து நூடுல்ஸ் சாப்பிடறேன், மூடிடாதீங்க," என்று சொல்லிவிட்டு, இரண்டு முழங்காலும் கிறீச்சிட, இறங்கி வந்த குன்றை நோக்கித் திரும்பவும் நடந்தார்.

அக்கா உள்ளே வந்து மேசை முன்னால் உட்கார்ந்தார்.

"திருடன்னே எழுது தம்பி."

"உங்க அண்ணன் பூசான்ல பள்ளிக்கூடத் தலைமையாசிரியர்," என்றார் தலைவர். "பலகையைப் பார்த்தா நெஞ்சைப் புடிச்சுக்கிட்டு விழுவான்."

"விழட்டும். அவன் வந்து என் எலும்பைக் கொதிக்க வைக்கப்போறானா, புல்லு வெட்டப்போறானா?"

"சரி. ஆனா யாருக்கு வித்தான்னு எழுதக்கூடாது. எழுதினா முத்திரை கிடையாது." சங்கத்தின் முத்திரை அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது. அதைத் தொட்டுக் காட்டினார்.

"ஓர் அதிகாரிக்குன்னு போடலாம்," என்றேன்.

"எந்த அதிகாரின்னு கேட்க மாட்டாங்களா?"

"ராஜாவுக்கேன்னு போடு," என்றார் அக்கா. "என்ன இப்போ? தாத்தாவுக்கும் அது பெருமைதான்."

அதில் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் முகம் மலர்ந்தது. சங்க வரலாற்றில் ஜ்வாவும் யாங்கும் ஒத்துக்கொண்ட முதல் வாக்கியம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். வடக்குச் சரிவைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம் என்று தலைவர் சேர்த்துக்கொண்டார். கி-வான் தேனீக்காரரின் வலைத்தொப்பி யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு, வெட்டும் இயந்திரத்தோடு அந்தப் பக்கமாகவே போனார்.

கடிதத்தை இப்படி எழுதினேன்:

"ஐயா, தங்கள் விசாரணை கிடைத்தது. மேற்படி பலகையில் உள்ள தகவல் தவறு. அங்கே இருப்பவர் யாங் தல்-ஹோ, குதிரைத் திருடர். ராஜாவின் குதிரைகளைத் திருடிக் கரி பூசி ராஜாவுக்கே விற்றவர். பெயரைத் திருத்தும்படி கேட்டுக்கொள்கிறோம். இத்தகைய ஒருவர் தங்கள் பாதையில் வேறெங்கும் இருப்பதாக எங்களுக்குத் தெரியவில்லை. ஆகவே வளைவை அப்படியே வைத்திருப்பது பொருத்தம் என்பது சங்கத்தின் கருத்து. ஏறி இறங்குகிறவர்களுக்குச் சாப்பிட அடிவாரத்தில் கடை உண்டு. அது அவருடைய கொள்ளுப்பேத்தியுடையது. நேரில் விசாரிக்கலாம்."

அக்கா அதை இரண்டு முறை படித்தார். "'சாப்பிட நல்ல கடை'ன்னு போடக்கூடாதா?" என்றார். கடிதத்தில் உண்மை மட்டும் இருக்கட்டும் என்றேன். கையில் கிடைத்த செருப்பால் மேசையைத் தட்டினார், என்னை இல்லை.

தலைவர் முத்திரையை எடுத்து, வாயருகே வைத்து இரண்டு தடவை ஊதி, சிவப்பு மையில் அழுத்தி, என் பெயருக்கு மேல் பதித்தார். உறையில் போட்டு ஒட்டினேன். தபால்காரரின் சிவப்பு மோட்டார்சைக்கிள் கூடத்துக்கு முன்னால் வந்து நின்றது. அக்காதான் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தபால்காரர் கையை நீட்டினார். அக்கா உறையைக் கொடுத்தார், ஆனால் பிடியை விடவில்லை.

"நேராக்கிட்டாங்கன்னா, தம்பி?" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமல்.

"தெரியாது அக்கா."

"விடுங்க சம்சுன், இன்னும் நாலு ஊரு போகணும்," என்றார் தபால்காரர்.

விட்டார்.