பன்னில் போன வைரம்

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கை கழுவக் கையுறையைக் கழற்றியவனுக்கு உயிரே போய்விட்டது. மோதிரம் இருக்கிறது, கல்லைக் காணோம். கையுறையில் சின்னதாக ஒரு பொத்தல்.

பன் பேக்டரியில் சட்டி மாவைக் கையால் வழிக்கிறவன் மோதிரத்தோடு உள்ளே வரலாமா? கூடாதுதான். வாசலிலேயே கழற்றிப் பெட்டியில் போட வேண்டும். ஆனால் இப்போது வைரம் போடாத ஆம்பளை யார்? பஸ் டிரைவர் காதில் மின்னுகிறது, முடி வெட்டுகிறவன் கழுத்தில் மின்னுகிறது. இங்கே இதை ஆரம்பித்து வைத்த புண்ணியவான் வேறு யாருமில்லை, பெண்டாட்டியின் அண்ணன்தான். பக்கத்து மெஷின்காரன். மூன்று கல் மோதிரத்தை அவன் ஆட்டி ஆட்டிக் காட்டியதில் இவனுக்கும் ஆசை வந்தது. பெட்டியில் போட மட்டும் இரண்டு பேருக்குமே மனசு வரவில்லை.

குப்பைத் தொட்டியைக் கிளறினான். கையுறையை உதறினான். மெஷினுக்கும் குழாய்க்கும் நடையாய் நடந்தான். காலையில் பிசைந்த மாவு பன்னாகி வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சாயங்காலம் தின்னும் பன். சோதனை மெஷின் இரும்பென்றால் ஊரைக் கூட்டும், வைரத்துக்கு வாயே திறக்காது.

"மச்சான், என் கல்லு மாவுல போயிடுச்சு. சூப்பர்வைசர்கிட்ட சொல்லப்போறேன்."

"பைத்தியமா மாப்ள உனக்கு? சொன்னா சீட்டுக் கிழிஞ்சிடும். அத்தனை பன்னுல எவன் வாயில மாட்டப்போகுது? கம்முனு இரு."

கம்மென்று இருக்க முடிந்தால்தானே! இந்த வேலையும் போனால் வீட்டில் அடுப்பெரியாது. அதற்காக ஏதோ ஒரு பிள்ளையின் தொண்டையில் அது சிக்கட்டும் என்று விட்டுவிட முடியுமா? வெளியே வண்டிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. ஓடினான்.

"நிறுத்துங்க! வண்டிய எடுக்காதீங்க!"

விஷயத்தைக் கேட்டதும் சூப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி திட்டினார். பன் தட்டுகளை எல்லாம் இறக்கச் சொன்னார். "நாளைலேர்ந்து இந்தப் பக்கமே வராதே" என்றார். இவனுக்கு அழுகை முட்டியது, ஆனாலும் மூச்சு சீராக வந்தது.

"மத்தவனுங்களும் கழட்டுங்கடா கையுறையை!"

மச்சான் இளித்துக்கொண்டே கழற்றினான். இளிப்பு பாதியில் நின்றது. மூன்று கல்லில் நடுக்கல்லைக் காணோம்.

"இதைக் கடைசியா எப்பய்யா பாத்தே?"

"நேத்து காலையில சார்... அப்புறம் பாக்கலையே."

நேற்றுப் போன பன்னெல்லாம் நேற்றே தின்று தீர்ந்திருக்கும். சூப்பர்வைசர் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

மச்சான் இவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். "ஒண்ணும் ஆயிருக்காதுல்ல மாப்ள? சொல்லேன், ஒண்ணும் ஆயிருக்காதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.