வீட்டில் விறகு வெட்டிய பதினோரு பேர்

உள்ளூரில் இருந்த ஒரே வக்கீல், மர அறுவை மில் முதலாளிக்குச் சகலை. அதனால் அந்த மில்லின் மேஸ்திரி பஸ் ஏறிப் பக்கத்து ஊருக்கு வந்து, இந்த வக்கீலம்மாவின் எதிரே உட்கார்ந்திருந்தார். வக்கீல் என்றாலே அவருக்கு ஆகாது. வாயை வைத்துப் பிழைக்கிறவர்களை எப்படி நம்புவது?

"ஐயா, மில் ரம்பத்துல வலது கையில மூணு விரல் போச்சுங்கறீங்க. ஆஸ்பத்திரிச் சீட்டுல, வீட்ல விறகு வெட்டுனப்போன்னு இருக்கே?"

"நான்தான் அப்படிச் சொன்னேன். எங்க மில்லுல எல்லாரும் அப்படித்தான் சொல்வோம்."

"வீட்ல என்ன அடுப்பு?"

"கேஸு. இருபது வருஷமா."

"அப்ப எந்த விறகை வெட்டுனீங்க?"

"நக்கல் பண்ணாதம்மா."

கோபம் வந்தாலும் மனம் பழைய முதலாளியான பெரியவர் காலத்துக்கு ஓடிவிட்டது. புதுப்பலகை வாசனை, பெல்ட் ஓடும் ஓசை, மர அடுக்கின் மேல் உட்கார்ந்து குடித்த டீ. யாருக்காவது கை வெட்டுப்பட்டால் பெரியவரே தோள் துண்டைக் கிழித்துக் கட்டி, தன் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஓடுவார். போகிற வழியில், "வீட்ல பட்டுதுன்னு சொல்லிடுப்பா. உன்னைப் பாத்துக்கறது என் பொறுப்பு" என்பார். சொன்னபடி பார்த்தும் கொண்டார். சம்பளம் நிற்காது; வாசலில் உட்கார்ந்து செய்யும் வேலை கிடைக்கும். பிற்பாடு அடிபட்டவர்களோடு அந்தக் காரில் போய், அப்படிச் சொல்லும்படி சொல்லிக்கொடுத்தது மேஸ்திரிதான்.

பெரியவர் போய்ச் சேர்ந்தார். இவர் விரல் போனதும், இப்போது முதலாளியாக இருக்கும் பெரியவரின் மகன் சொன்னது ஒன்றுதான்: "சீட்டுல வீடுன்னுதானே இருக்கு மேஸ்திரி?"

"வேலையில அடிபட்டா நஷ்டஈடு குடுக்கறது முதலாளியோட கடமை ஐயா, தயவு இல்ல," என்றாள் வக்கீலம்மா. "ஆனா வேலையிலதான் பட்டுதுன்னு நாம காட்டணும். வேற யாரு இப்படி விறகு வெட்டுனாங்க?"

மேஸ்திரி மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். "என்னையும் சேத்து பதினோரு பேரு."

"ஒரே மில்லுல பதினோரு பேரா? ஆஸ்பத்திரிப் பதிவேட்டை வரவழைச்சா நீதிபதியே சிரிச்சுடுவாரு. பேரெல்லாம் சொல்லுங்க. இப்படிச் சொல்லச் சொன்னது யாருன்னும் சொல்லணும்."

"பெரியவர் தங்கமான மனுஷன்மா."

"நான் இல்லைங்கலையே."

"செத்தவரைக் கோர்ட்டுல இழுக்கணுமா?"

"இழுக்க வேண்டாம்னா விட்டுடலாம். கேஸும் அதோட முடிஞ்சுது."

வாசலில் ஒரு பஸ் வந்து நின்று, ஆளை இறக்கிவிட்டுப் போனது. அதில் ஏறிப் போயிருக்கலாம். நல்லவர்தான் பெரியவர். ஆனால் அந்த நல்லதை எந்தச் சீட்டிலும் எழுதி வைக்காமல் போய்விட்டாரே.

"எழுதிக்க. முதல்ல சொன்னது பெரியவர். மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தது நான். ரெண்டும் வரணும்."

அவள் எழுதி, படித்துக் காட்டி, மைப்பெட்டியை நகர்த்தினாள். "கைநாட்டு வெச்சாப் போதும் ஐயா."

"வேண்டாம்." பேனாவை இடது கையில் வாங்கினார். எழுதத் தெரிந்த தன் பெயரின் நான்கெழுத்தும் கோணல்மாணலாக ஓடின. கடைசி எழுத்து வரும்வரை அவர் நிமிரவில்லை.