ஓய்வில் கிடந்த வயல்கள்

சங்கிலி பிடித்து நிலம் அளக்க வந்தவர்கள் வரப்பில் ஏறியதும் என் கணவன் கனெகோவா மேல்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான். எங்கள் பகுதியை ஆளும் தலைவரின் காரியக்காரர் பாஹாவ் கூடவே வந்திருந்தார். அவர் முன்னால் தோளை மூடிக்கொண்டு நிற்க அவனுக்குக் கூச்சம்.

ஹவாய் அரசர் புதுச் சட்டம் போட்டிருந்தார். பாடுபடுகிறவனுக்கு அவன் பயிரிடும் மண் சொந்தம், மிச்சம் தலைவருக்கு. எங்களுக்கு நான்கு சேப்பங்கிழங்கு வயல்கள். ஒன்றில் பயிர் நின்றது. மற்ற மூன்றிலும் தண்ணீரை வடித்து மண்ணுக்கு ஓய்வு கொடுத்திருந்தோம். புல் மண்டிக் கிடந்தது.

அளக்க வந்த வெள்ளைக்காரன் புல்லைக் காட்டி, "இது யாருது?" என்று ஹவாய் மொழியிலேயே கேட்டான்.

"தலைவரோட மண்ணுங்க," என்றான் கனெகோவா. "அவர் குடுத்தாரு, சாப்பிடறோம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெரியவர்கள் எதிரில் ‘என்னுடையது’ என்று சொல்பவனை எங்கள் ஊரில் பேராசைக்காரன் என்பார்கள். அந்த மரியாதையை இன்றைக்கா காட்ட வேண்டும்?

"போன வருஷம் சேத்துல நின்னு நட்டது யாரு, தலைவரா?" என்றேன். "எங்க வயலுதாங்க. மண்ணு ஓய்வுல இருக்கு, அவ்வளவுதான்."

வெள்ளைக்காரன் கனெகோவா பக்கம் திரும்பினான். "உன் பொண்டாட்டி சொல்றது நிஜமா?"

பாஹாவ் கனிவாகச் சிரித்தார். எங்கள் மகளைப் புதைத்த அன்று உடலைச் சுற்றப் பாய் கொடுத்தனுப்பியவர். "சொல்லுப்பா, கூச்சப்படாதே."

"அவளுக்கு வாய் நீளம்ங்க. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க."

பயிர் நின்ற வயலை மட்டும் அளந்துவிட்டுப் போனார்கள். அன்று முழுக்க நான் அவனோடு பேசவில்லை. "மண்ணு எங்கடி ஓடிப்போயிடும்?" என்று இரண்டு முறை கேட்டான்.

அடுத்த மழைக்குள் தலைவர் அந்த மூன்றையும் ஒரு கரும்புக்காரனுக்கு விற்றுவிட்டார். நடுவதற்குத் தண்டுகளைக் கட்டிச் சுமந்துகொண்டு நாங்கள் போனபோது சுற்றிலும் வேலி, உள்ளே அவனுடைய மாடுகள். கனெகோவா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு எங்களுக்கு மிஞ்சிய ஒரே வயலில் இறங்கினான். கிழங்கைப் பிடுங்கி முடித்திருந்தோம், அது ஓய்வெடுக்க வேண்டிய முறை. மூன்று வயலுக்கான தண்டுகளையும் அதிலேயே நடத் தொடங்கினான்.

"இவ்வளவு நெருக்கமா நட்டா கிழங்கு விரல் தண்டிகூட இறங்காதுய்யா."

"இது நம்மளுது," என்றான்.

இப்போது யாரும் அவனிடம் கேட்டிருக்கவில்லை. நிமிர்ந்து, இன்னும் உரக்கச் சொன்னான்.

"இது நம்மளுது!"

வேலிக்கு அப்பால் ஒரு மாடு தலை தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் புல்லில் வாய் வைத்தது.