சீமாட்டியின் பேரீச்சை மரம்

மேசை நடுவே ஒரு பேரீச்சை மரம், அத்தனையும் வெள்ளி. அடியில் இரண்டு ஒட்டகங்கள், மட்டைகளுக்கிடையே திராட்சைக் கூடைகள். போதாதற்கு உச்சியில் நிஜமான பெரணிச் செடி. சீமாட்டி ஹார்னிப்ரூக்கின் கணவர் எகிப்துக்குப் போய்ச் சளி பிடித்துத் திரும்பியதன் நினைவுச் சின்னம் அது.

மரத்துக்கு அந்தப் பக்கம் என் அண்ணன் மகள் தியோடோரா. இந்தப் பக்கம், என் வரிசையில், சீமாட்டியின் அண்ணன் மகன் அம்ப்ரோஸ். மறுநாள் காலை அவன் கேப் டவுனுக்குக் கப்பல் ஏறுகிறான். அறுவடைக் காலம் முழுக்க தியோடோராவோடு வயல்வரப்பில் நடந்தவன், கேட்க வேண்டியதை இன்னும் கேட்டபாடில்லை. கேட்டுவிடக் கூடாதென்றுதான் அத்தைக்காரி மரத்தை அங்கே வைத்து, அவனுக்குப் பக்கத்தில் ஒரு பிரபுவின் மகளையும் உட்கார்த்தியிருந்தாள்.

எங்கள் விருந்துகளில் இடப்பக்கமும் வலப்பக்கமும்தான் பேசலாம். வீட்டுக்காரி பாதியில் தலையைத் திருப்பினால் எல்லோரும் திருப்ப வேண்டும். மேசைக்குக் குறுக்கே பேசுகிறவனை மறுபடி அழைக்கமாட்டார்கள்.

ஒரு பெண்ணின் வாழ்க்கையைச் செடிவைத்து மறைப்பதா என்று எனக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றிலேயே மீன், வாத்து, மான் எல்லாவற்றையும் இறக்கினேன். என் பாதிரி வேலை சீமாட்டி போட்ட பிச்சை. என் வீரம் அவ்வளவுதான். மரத்தைச் சற்று நகர்த்த முடியுமா என்று பட்லரிடம் முணுமுணுத்தேன். தேவாலயக் கோபுரத்தை நகர்த்தச் சொன்னதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

பழங்கள் வந்தன. இனி வழக்கப்படி பெண்கள் மட்டும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்கள். அப்போது மரத்துக்குப் பின்னாலிருந்து தியோடோராவின் குரல் கேட்டது.

"மிஸ்டர் அம்ப்ரோஸ், எங்கிட்ட ஏதோ கேக்கணும்னு ஒரு மாசமா சொல்லிட்டிருக்கீங்க. விடிஞ்சா உங்களுக்குக் கப்பல்."

கரண்டிகள் நின்றன.

"இந்த வீட்ல மேசைக்குக் குறுக்க யாரும் பேசறதில்லம்மா" என்றாள் சீமாட்டி.

"பேசினா மட்டும் என்னங்க? எனக்குத் தெரியறது ஒட்டகத்தோட பின்பக்கம்தான்."

சீமாட்டி முகம் சிவந்து, பெண்களைக் கிளப்பிக்கொண்டு போக எழுந்தாள். அவளுக்கு முன்னால் அம்ப்ரோஸ் எழுந்துவிட்டான். காது இரண்டும் செம்புபோல் ஆகியிருந்தன.

"குறுக்க பேசல அத்தை. சுத்திப் போறேன்."

அத்தனை நீள மேசையையும் சுற்றி நடந்தான். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே முணுமுணுப்பு. நானும் எட்டிப் பார்க்கிறேன், மட்டை, ஒட்டகம், பெரணி. அவளைத் தூக்கி வளர்த்த எனக்கு அவள் முகம்கூடவா தெரியக் கூடாது? எழுந்தேன். இரண்டு கையாலும் மரத்தைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினேன். கூடை கவிழ்ந்து திராட்சையெல்லாம் பிரபுவின் மகள் மடியில்.

தியோடோராவின் கை அம்ப்ரோஸ் கைக்குள் இருந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

பிரபுவின் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். மரத்தைத் திருப்பி வைக்கச் சொன்னாள் சீமாட்டி. எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்று உட்கார்ந்துவிட்டேன்.